தீப்பிடிக்குமா, பிடிக்காதா?

கல்லூரி வேதியியல் ஆய்வகத்துக்குப் புதிதாக வரும் மாணவர்களிடம் அசிட்டோன் பாட்டிலைக் காட்டி நான் கேட்பதுண்டு: "லேபிளில் இன்ஃப்ளேமபிள் என்று போட்டிருக்கிறதே, இது தீப்பிடிக்குமா?"

"பிடிக்காது சார்" என்று யாராவது அடித்துச் சொல்வார்கள். ஆங்கிலத்தில் வெளுத்துக்கட்டுபவர்கள்தாம் இதில் அதிகம் சிக்குவார்கள். விசிபிள் என்றால் கண்ணுக்குத் தெரிவது, இன்விசிபிள் என்றால் தெரியாதது. அப்படியானால் ஃப்ளேமபிள் தீப்பிடிக்கும், இன்ஃப்ளேமபிள் தீப்பிடிக்காது. கணக்கு சரிதான், விடைதான் தப்பு. இரண்டுக்கும் பொருள் ஒன்றே: எளிதில் தீப்பற்றும். அசிட்டோனோ சுமார் மைனஸ் 20 டிகிரி செல்சியஸிலேயே பற்றக்கூடிய ஆவியை வெளியிடும்!

லத்தீனில் 'இன்' இரண்டு உண்டு. ஒன்று 'இல்லை' என்று மறுப்பது. மற்றொன்று 'உள்ளே' என்பது. இன்ஃப்ளேமபிளில் இருப்பது இரண்டாவது. டாக்டர் வீக்கத்தை இன்ஃப்ளமேஷன் என்கிறாரே, அதுவும் இதே குடும்பம்தான்.

மூத்த சொல் இன்ஃப்ளேமபிள்தான். ஆனால் படிப்பவர் தலைகீழாகப் புரிந்துகொண்டால் உயிருக்கே ஆபத்து என்பதால், 1920களில் அமெரிக்கத் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் ஃப்ளேமபிளைப் பரிந்துரைத்தது. பிரிட்டிஷ் தர நிறுவனமும் 1959இல் அதே வழிக்கு வந்தது. தீப்பற்றாததற்கு நான்ஃப்ளேமபிள் என்றார்கள். நம் நாட்டிலோ 1952ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரிலேயே இன்ஃப்ளேமபிள் இருக்கிறது. டேங்கர் லாரிகளின் முதுகிலும் அதைப் பார்த்திருப்பீர்கள்.

ஒரு சொல் இவ்வளவு செய்யுமா என்று கேட்கலாம். அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில் தீக்காப்பீட்டு நிறுவனத்தில் பொறியாளராக இருந்த மொழியியலாளர் பெஞ்சமின் லீ வோர்ஃப் ஒன்றைக் கவனித்தார். பெட்ரோல் நிரம்பிய டிரம் அருகே ஜாக்கிரதையாக இருப்பவர்கள், 'காலி' டிரம் அருகே கவலையின்றிச் சிகரெட் பிடித்தார்கள். உள்ளே தங்கிய ஆவியால் காலி டிரம்தான் இன்னும் அபாயமானது. 'காலி' என்ற சொல்லே அவர்களை அசட்டையாக்கியது.

இலக்கணப்படி இன்ஃப்ளேமபிளில் பிழையில்லை. ஆனால் எச்சரிக்கைப் பலகைக்கு இலக்கணச் சுத்தம் போதாது. ஓடுகிறவனுக்கும் ஒரு பார்வையில் புரிய வேண்டும். எனவே லேபிளில் 'இன்' இருந்தாலும் இல்லாவிட்டாலும் நெருப்பை விலக்கி வையுங்கள். சிவப்புக் கரையிட்ட சாய்சதுரத்துக்குள் தீச்சுடர் படம் இருக்கிறதா என்று பாருங்கள். தின்னரோ ஸ்பிரிட்டோ வேறு பாட்டிலுக்கு மாற்றினால், 'எளிதில் தீப்பற்றும்' என்று தமிழிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.