ரம்பத்தின் பல்லைப் பாருங்கள்

ஒருவர் விடாமல் பேசினால் 'ரம்பம்' என்கிறோம். 'அறுவை', 'பிளேடு' என்பதும் அதே குடும்பம்தான். கேலிக்கு இத்தனை சொல் தந்த கருவியை நம் பிள்ளைகள் அருகில் பார்ப்பது, வீட்டில் அலமாரி வேலை நடக்கும்போது மட்டும்தான். ஐரோலியில் அந்த வேலைக்கு வருகிறவரிடம் ரம்பம் என்றால் விழிப்பார். இந்தியில் 'ஆரி', மராத்தியில் 'கர்வத்' என்று கேட்க வேண்டும். பழைய தமிழில் இதற்கு 'ஈர்வாள்' என்று பெயர். ஈர்தல் என்றால் அறுத்தல்.

ரம்பத்தை அடையாளம் காண அதன் பல்லைப் பார்த்தால் போதும். மரம் என்பது நீளவாக்கில் ஓடும் நார்க்கட்டு. நாரோடு சேர்த்து நீளமாகக் கிழிக்கும் ரம்பத்துக்குப் பற்கள் பெரிது; ஒவ்வொன்றும் குட்டி உளி போலச் சீவிக்கொண்டே போகும். குறுக்கே அறுக்கும் ரம்பத்துக்கோ பற்கள் சிறிது. ஓரங்கள் கத்திபோலச் சாய்வாக அராவப்பட்டு, நாரை முதலில் நறுக்கிவிட்டுப் பிறகு தூளை வெளியே தள்ளும். முன்னதை வைத்துக் குறுக்கே அறுத்தால் ஓரமெல்லாம் பிசிறு. பின்னதை வைத்து நீளமாகக் கிழித்தால், மாலை வரை இழுத்துக்கொண்டே இருக்கலாம்!

பற்கள் ஒன்றுவிட்டு ஒன்று இடமும் வலமுமாக லேசாக விலகியிருப்பதையும் கவனியுங்கள். அறுபடும் வழி தகட்டைவிடச் சற்று அகலமாக வேண்டும். இல்லாவிட்டால் ரம்பம் நடுவழியில் இறுகி நின்றுவிடும். ஈர மரத்தில் இன்னும் மோசம்.

கதவுச் சட்டத்தின் கழுந்து, அதாவது துளைக்குள் நுழையும் நாக்கு, அறுக்க முதுகில் கம்பி பொருத்திய சிறு ரம்பம் உண்டு. முதுகு கெட்டியாக இருப்பதால் தகடு வளையாது, கோடு தவறாது. வளைவுகளுக்கு, வில்போன்ற சட்டத்தில் இழுத்துக் கட்டிய மெல்லிய பிளேடு. இரும்புக்கும் பைப்புக்கும் ஆக்ஸா பிளேடு. அங்குலத்துக்கு 18, 24, 32 பல் என்று கிடைக்கும். மெல்லிய தகட்டுக்கு நெருங்கிய பல்தான் சரி. பெரிய அடிமரத்தை ஒருவர் மேலேயும் ஒருவர் குழியிலேயும் நின்று இழுத்து அறுத்த காலமும் இருந்தது. குழிக்குள் நிற்பவர் தலையெல்லாம் தூள்! அந்த வேலையை மரவாடிகளில் இப்போது பட்டை ரம்பம் செய்கிறது. முடிவில்லாத வளையமாக ஓடும் அந்த எந்திரத்துக்கு இங்கிலாந்தில் வில்லியம் நியூபெரி காப்புரிமை பெற்றது 1808-ல்.

நம் வீடுகளில் ஓடுவது வட்ட ரம்பம். பிளைவுட்டில் அடுக்குகளின் நார் மாறி மாறி ஓடுவதால், பல் வெளியேறும் பக்கம்தான் உதிரும். கையில் பிடித்து ஓட்டும் வட்ட ரம்பத்தின் பல் கீழிருந்து மேலே வருகிறது. ஆகவே நல்ல முகத்தைக் கீழே வைக்கச் சொல்லுங்கள். தள்ளி அறுக்கும் கை ரம்பத்துக்கு நேர்மாறு, நல்ல முகம் மேலே.

இன்னொன்று, இதுதான் எனக்குக் கவலை. பலர் மார்பிள் அறுக்கும் சிறு மெஷினில் மரத்துக்கான பல் பிளேடை மாட்டி, காப்பு மூடியைக் கழற்றிவிட்டு ஓட்டுகிறார்கள். அந்த மெஷின் நிமிடத்துக்குப் பன்னிரண்டாயிரம் சுற்றைத் தாண்டுவதுண்டு. பிளேடின் மேலேயே அது தாங்கும் உச்ச வேகம் அச்சிட்டிருக்கும். மெஷினின் வேகம் அதைவிடக் கூடுதலென்றால் அதை மாட்டவே கூடாது. பலகை இறுகினால் மெஷின் ஆளை நோக்கித் துள்ளும், விரல் போய்விடும். 'மூடி போட்டால் கோடு தெரியாது சாப்' என்பார். 'பரவாயில்லை அண்ணா, மெதுவாகச் செய்யுங்கள், கூலி குறையாது' என்று நாம் சொல்லலாமே.

தூளும் லேசுப்பட்டதல்ல. மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1995-ல் வகைப்படுத்தியது. பிளைவுட் பசையிலிருந்து வரும் ஃபார்மால்டிஹைடும் அதே பட்டியலில் இருக்கிறது. பால்கனியில் அறுக்கச் சொல்லுங்கள். அவருக்கு நல்ல முகக்கவசம் ஒன்று வாங்கிக் கொடுங்கள். கூட்டுவதற்கு முன் தரையில் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். சின்னக் குழந்தைகளை அன்று பக்கத்து வீட்டில் விட்டுவிடுங்கள்.