காரைத் தூக்கும் பலகைப் படி

தலைச்சோலை வீட்டிலேயே காருக்கு அடியில் படுத்து ஆயில் மாத்தப் போறீங்களா? முதலில் சமதளம் தேடுங்க. நம்ம மலையில் அதுதான் கஷ்டம்! 10 டிகிரி சரிவில் நிற்கும் 1000 கிலோ காரை, சுமார் 174 கிலோ எடைக்குச் சமமான விசை கீழே இழுத்துக்கிட்டே இருக்கும்.

ஹாலோ பிளாக் வேண்டவே வேண்டாம். சொல்லாம கொள்ளாம நொறுங்கிடும். டயரைவிட அகலமான 2 அங்குலப் பலகைகள் மூன்றை அடுக்குங்க. மேலே போகப்போக நீளம் குறையணும், திருகாணியால் இறுக்கணும். உச்சியில் ஒரு தடுப்புக்கட்டை. இதே மாதிரி இரண்டு செய்யுங்க.

முன்சக்கரங்கள் ஏறியதும் கியரில் போட்டு ஹேண்ட்பிரேக் இழுங்க. பெரும்பாலான கார்களில் அது பின்சக்கரங்களைத்தான் பிடிக்கும். அவற்றுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்க.

கடைசியா, காரை ஒருமுறை தள்ளிப் பாருங்க. படி நகர்ந்தா, அடியில் போகாதீங்க.