புது ஷாட்கன்... ஆனா குறி தப்புதா? துப்பாக்கியை குறை சொல்லும் முன் இதை செக் பண்ணுங்க!

2024 பாரிஸ் ஒலிம்பிக். ஸ்கீட் கலப்பு இரட்டையர் பிரிவில் வெண்கலப் பதக்கத்துக்கான போட்டி. இந்தியாவின் மகேஷ்வரி சவுகான் – அனந்த்ஜீத் சிங் நருகா ஜோடி 43 புள்ளிகள், சீன ஜோடி 44. ஒரே ஒரு தட்டு வித்தியாசத்தில் பதக்கம் கைநழுவியது.

ஷாட்கன் விளையாட்டில் ஒரு குறியின் விலை அவ்வளவு! வேட்டைக்கு அனுமதி உள்ள நாடுகளில் விலை இன்னும் அதிகம். குறி கொஞ்சம் பிசகினால் பறவை காயத்தோடு பறந்து போய், எங்கோ விழுந்து வலியில் சாகும்.

அதனால்தான் புது ஷாட்கன் வாங்கியவர்கள், 'குறி சரியா இல்லையே' என்று பதறுகிறார்கள். உடனே பழி துப்பாக்கி மேல் விழுகிறது. ஆனா பெரும்பாலும் பிரச்னை அங்கே இல்லை. அப்போ எங்கே? ஒவ்வொன்றா பார்ப்போம்.

ரைஃபிள் வேற, ஷாட்கன் வேற

ரைஃபிளில் ஒரு குண்டு. குறிபார்க்க முன்னாலும் பின்னாலும் இரண்டு 'சைட்' இருக்கும். இரண்டையும் நேர்க்கோட்டில் வைத்து நிதானமாகச் சுடலாம்.

ஷாட்கன் தோட்டாவில் இருப்பது சின்னச் சின்ன பெல்லட்டுகள். சுட்டதும் கூட்டமாகப் பரவிப் போகும். பேரல் நுனியில் ஒரு சிறு மணி இருக்கும், அவ்ளோதான். பின் சைட் கிடையாது.

அப்படின்னா பின் சைட் எது? சுடுபவரின் கண்தான்! கன்னம் துப்பாக்கிக் கட்டையில் எங்கே பதிகிறதோ, அதைப் பொறுத்துத்தான் கண் எங்கே நிற்கும் என்பது முடிவாகும். கண் கொஞ்சம் நகர்ந்தாலும் குறி நகரும். இந்த ஒரு விஷயம் புரிந்தால் பாதி குழப்பம் தீர்ந்தது.

முதல் வேலை: காகிதத்தில் சுடுங்க

பறக்கும் தட்டை தவறவிட்டால், மேலே போச்சா, கீழே போச்சா, பின்னாடி போச்சா என்று தெரியாது. காகிதம் பொய் சொல்லாது.

அனுமதி பெற்ற ரேஞ்சில், பயிற்சியாளர் முன்னிலையில், 16 கெஜம் (சுமார் 15 மீட்டர்) தூரத்தில் பெரிய காகிதத்தை மாட்டி, நடுவில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். வழக்கம்போல துப்பாக்கியைத் தோளுக்கு ஏற்றி, அதே புள்ளியைப் பார்த்து நான்கைந்து முறை சுட வேண்டும். தோட்டா மாறக் கூடாது. துளைக் கூட்டத்தின் மையம் புள்ளியிலிருந்து எந்தப் பக்கம் விலகி இருக்கிறது என்பதுதான் விடை.

ஒரு எச்சரிக்கை. ட்ராப் போட்டிக்கான துப்பாக்கிகள் பல, வேண்டுமென்றே கொஞ்சம் மேலே சுடும்படி செய்யப்படுகின்றன. அந்தப் போட்டியில் தட்டு மேல்நோக்கி ஏறிக்கொண்டே போகும் என்பதுதான் காரணம். அதைக் கோளாறு என்று நினைக்கக் கூடாது.

எங்கே விழுது... என்ன அர்த்தம்?

* மேலே விழுந்தால்: கன்னம் பதியும் மேல்விளிம்பு உயரம் அதிகம். கண் உயரத்தில் நிற்கிறது.
* கீழே விழுந்தால்: மேல்விளிம்பு தாழ்வு. அல்லது கன்னத்தை அளவுக்கு மீறி அழுத்துகிறீர்கள்.
* இடது பக்கம் விழுந்தால் (வலது கைக்காரருக்கு): கட்டை தடிமனாக இருந்து, கண்ணை பேரலின் நடுவிலிருந்து இடப்பக்கம் தள்ளியிருக்கலாம்.

இதற்கு ஒரு கணக்கு உண்டு. 16 கெஜ தூரத்தில் குறியை 1 அங்குலம் மாற்ற, கட்டையில் வெறும் 1/16 அங்குலம் மாற்றினால் போதும். அதாவது ஒன்றரை மில்லிமீட்டர்! பல புதிய துப்பாக்கிகளில் மேல்விளிம்பை ஏற்றி இறக்கும் வசதியோ, இடையில் வைக்கும் மெல்லிய தகடுகளோ இருக்கும். இல்லையென்றால், தெரிந்த துப்பாக்கி மெக்கானிக்கிடம் போக வேண்டும். நீங்களே ரம்பம் எடுக்காதீங்க!

கட்டையின் நீளமும் முக்கியம். நீளம் கூடினால், தோளுக்கு ஏற்றும்போது சட்டையில் மாட்டும். குறைந்தால், கட்டை விரல் மூக்கில் இடிக்கும்.

உங்க 'மாஸ்டர் கண்' எது?

கையில் வலது, இடது இருப்பதுபோல கண்ணிலும் ஒன்று ஆதிக்கம் செலுத்தும். வலது தோளில் சுடுபவருக்கு இடது கண் ஆதிக்கம் என்றால், மூளை பேரலை தவறான கண்ணோடு சேர்த்துப் பார்க்கும். துப்பாக்கி கச்சிதமாக இருந்தாலும் குறி பக்கவாட்டில் போகும்.

சோதனை சுலபம், துப்பாக்கியே வேண்டாம். இரண்டு கைகளையும் நீட்டி, நடுவில் சின்ன இடைவெளி விட்டு, அதன் வழியே தூரத்திலுள்ள ஒரு பொருளை இரு கண்ணாலும் பாருங்க. பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடுங்க. எந்தக் கண்ணை மூடும்போது பொருள் மறைகிறதோ, அதுதான் ஆதிக்கக் கண்.

மாறி இருந்தால் என்ன செய்வது? அந்தக் கண்ணுக்கு நேராக பாதுகாப்புக் கண்ணாடியில் சின்ன டேப் ஒட்டலாம், சுடும் நேரத்தில் அந்தக் கண்ணை மூடலாம், அல்லது மறு தோளில் சுடப் பழகலாம். புதிதாகக் கற்பவர்களுக்குக் கடைசி வழி ஒன்றும் அவ்வளவு கஷ்டமில்லை.

மையம் சரி, பரவல் சரியா?

மையம் சரியாக விழுந்தும் தட்டு உடையவில்லையா? பேரல் நுனியிலுள்ள 'சோக்' என்ற குறுகலைக் கவனிக்கணும். தண்ணீர்க் குழாய் முனையை விரலால் அழுத்தினால் நீர் எப்படி மாறுகிறதோ, கிட்டத்தட்ட அதே வேலை.

இதற்கான வழக்கமான சோதனை 40 கெஜ தூரத்தில், 30 அங்குல வட்டத்தில். 'ஃபுல்' சோக்கில் சுமார் 70 சதவீத பெல்லட்டுகள் வட்டத்துக்குள் விழ வேண்டும். 'மாடிஃபைட்' என்றால் 60, 'இம்ப்ரூவ்டு சிலிண்டர்' என்றால் 50 சதவீதம். எண்ணிக்கையோடு, நடுவில் ஓட்டை ஓட்டையாக வெற்றிடம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

தோட்டாவை மாற்றினாலே பரவல் மாறும். அமெரிக்காவில் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈயக் குண்டுகள் 1991 முதல் நாடு முழுக்கத் தடை. அங்கே பலர் எஃகு பெல்லட்டுக்கு மாறினார்கள். ஈயம்போல நசுங்காததால் எஃகு நெருக்கமாகவே போகும். அதனால் கொஞ்சம் தளர்வான சோக் போதும். பழைய, எஃகுக்குத் தகுதியில்லாத துப்பாக்கியில் அதைப் போடவே கூடாது.

மான் வேட்டைக்கு 'ஸ்லக்' என்ற ஒற்றைக் குண்டைப் பயன்படுத்துவோர் கதை வேறு. ஒரே குண்டு என்பதால் அங்கே ரைஃபிள் மாதிரி சைட் தேவை. குறி அங்குமிங்கும் சிதறினால், முதலில் ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் திருகுகள் தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அப்போ துப்பாக்கியில் கோளாறே வராதா?

வரும். இரட்டைக் குழல் துப்பாக்கியில் இரண்டு பேரலும் ஒரே இடத்தில் சுடாமல் போகலாம். அதனால் ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் காகிதத்தில் சோதிக்கணும். கழற்றி மாட்டும் சோக் கோணலாகவோ தளர்வாகவோ இருக்கலாம். இதெல்லாம் உறுதியானால் கடைக்காரரிடம் அந்தக் காகிதத்தையே காட்டலாம். அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

சுடும்போது சத்தம் வழக்கத்தைவிட மந்தமாகக் கேட்டால் உடனே நிறுத்துங்க. துப்பாக்கியை பாதுகாப்பான திசையில் வைத்து, தோட்டாக்களை எடுத்துவிட்டு, பேரலில் அடைப்பு இருக்கிறதா என்று பார்த்த பிறகே அடுத்த தோட்டா. அடைப்போடு சுட்டால் பேரல் வெடிக்கும்.

இந்தியாவில் என்ன நிலை?

வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன் கீழ் இங்கே விளையாட்டுக்காக வனவிலங்கு வேட்டையாடுவது குற்றம். ஷாட்கன் வைத்திருக்க 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். ஆக, நம்ம ஊரில் இந்தப் பிரச்னை பெரும்பாலும் போட்டி வீரர்களுடையது.

அந்தக் களத்தில் நமக்குப் பெருமையும் உண்டு. 2023-ல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில், ஆடவர் ட்ராப் அணிப் பிரிவில் 361 புள்ளிகளுடன் இந்தியா தங்கம் வென்றது. கைனன் செனாய், ஸோராவர் சிங் சந்துவுடன் அந்த அணியில் இருந்தவர் புதுக்கோட்டையைச் சேர்ந்த பிருத்விராஜ் தொண்டைமான்.

புது ஷாட்கன் கையில் வந்ததும் முதல் பெட்டி தோட்டாவைத் தட்டுகள் மேல் காலி செய்ய ஆசையாகத்தான் இருக்கும். அதில் நான்கைந்தை மட்டும் காகிதத்துக்கு ஒதுக்குங்க. குறை துப்பாக்கியிலா, கட்டையிலா, கண்ணிலா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.