குழாயை விட்டுவிட்டுக் கட்டியை மட்டும்

உடம்பில் எங்கே கட்டி என்றாலும் ‘பயாப்ஸி எடுத்தாச்சா?’ என்பதுதான் முதல் கேள்வி. ஆனால் உணவுக்குழாயில் வரும் ஒரு வகைக் கட்டி என்று சந்தேகம் வந்தால், ‘தயவுசெய்து எடுத்துவிடாதீர்கள்’ என்பார்கள் அறுவை மருத்துவர்கள். அதன் பெயர் லியோமயோமா.

உணவுக்குழாய்க் கட்டிகளில் மிகப் பெரும்பாலானவை புற்றுநோய்தான். நூற்றில் ஒன்றுக்கும் குறைவானவையே சாதுவானவை. அவற்றில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு லியோமயோமா. கர்ப்பப்பையில் வரும் ஃபைப்ராய்டுக்கு இது உறவு. இரண்டும் மென்தசையிலிருந்து முளைப்பவை. உணவுக்குழாயின் மேல்பகுதித் தசை வேறு ரகம் என்பதால், இந்தக் கட்டி பெரும்பாலும் நடுவிலும் அடியிலும்தான் வருகிறது. மெதுவாக வளரும், புற்றாக மாறுவது அபூர்வத்திலும் அபூர்வம்.

உணவுக்குழாயை அறுப்பது லேசுப்பட்ட காரியமல்ல. சுமார் 25 செ.மீ. நீளமுள்ள அந்தக் குழாய் மூச்சுக்குழலுக்கும் இதயத்துக்கும் பின்னால் பதுங்கிக் கிடக்கிறது. குடலுக்கு இருப்பதுபோல் தையலைத் தாங்கிப் பிடிக்கும் வெளியுறையும் அதற்குக் கிடையாது. 1913-ல் நியூயார்க்கில் ஃபிரான்ஸ் டோரெக், புற்றுநோய் வந்த 67 வயதுப் பெண்ணின் நெஞ்சிலிருந்து உணவுக்குழாயை அகற்றினார். முனைகளை உள்ளே இணைக்க வழியில்லை. கழுத்தில் ஒரு துளை, வயிற்றில் ஒரு துளை, இரண்டையும் உடம்புக்கு வெளியே இணைத்து ஒரு ரப்பர் குழாய். அதன் வழியே சாப்பிட்டுக்கொண்டே அந்த அம்மா பத்தாண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார்.

லியோமயோமாவுக்கு இந்தப் பாடெல்லாம் வேண்டியதில்லை. அது தசையடுக்குக்குள் தனி உறையோடு உட்கார்ந்திருக்கும், உள்சவ்வைத் துளைக்காது. விலா இடுக்குகளில் சிறு துளைகளிட்டு, கேமராவை நுழைத்து, ஒரு பக்க நுரையீரலைச் சுருங்க வைத்துக்கொள்கிறார்கள். கட்டிக்கு மேலுள்ள தசையை நீளவாக்கில் பிரித்து, கட்டியில் ஒரு தையலைப் போட்டுத் தூக்கிப் பிடித்து, நார் நாராக விலக்கி வெளியே எடுக்கிறார்கள். அடியில் மிஞ்சுவது மெல்லிய உள்சவ்வு மட்டும். பிறகு அந்த இடத்தைத் தண்ணீரில் மூழ்கடித்து, வாய்வழி எண்டோஸ்கோப்பால் குழாய்க்குள் காற்றை ஊதிப் பார்ப்பார்கள். பஞ்சர் கடையில் டியூபைத் தொட்டியில் அமுக்குவதுபோலத்தான். குமிழி வந்தால் ஓட்டை, அங்கேயே தைத்துவிடுவார்கள். கடைசியாகத் தசையையும் சேர்த்துத் தைக்க வேண்டும். விட்டால் சவ்வு பை போலப் பிதுங்கும்.

பயாப்ஸி வேண்டாம் என்பதன் காரணம் இங்கேதான் இருக்கிறது. ஊசியோ இடுக்கியோ பட்ட இடத்தில் தழும்பு ஏறி, சவ்வு கட்டியோடு ஒட்டிக்கொள்ளும். பிரிக்கும்போது கிழியும். உணவுக்குழாய் கிழிந்து கசிந்தால் நெஞ்சுக்குள் சீழ், உயிருக்கே ஆபத்து.

சிக்கலும் உண்டு. ஜிஸ்ட் என்ற இன்னொரு கட்டி தோற்றத்தில் அப்படியே லியோமயோமா மாதிரி இருக்கும், ஆனால் பரவக்கூடியது. 1998-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதன் பின்னாலிருந்த கிட் மரபணு மாற்றத்தைக் கண்டறியும்வரை பல ஜிஸ்ட்கள் தசைக்கட்டி என்ற பெயரிலேயே நடமாடின. இரைப்பையில் ஜிஸ்ட்தான் அதிகம், உணவுக்குழாயில் நேர்மாறு. ஜிஸ்ட் என்று சந்தேகம் எழுந்தால் பயாப்ஸியைத் தவிர்க்கச் சொல்வது சரியல்ல. சிகிச்சையே மாறும்: இமாடினிப் மாத்திரையால் முதலில் சுருக்கலாம், பெரிதாக இருந்தால் குழாயையே அகற்ற நேரலாம், உறை உடையாமல் எடுப்பது கட்டாயம்.

சிறிய கட்டிகளுக்கு இப்போது நெஞ்சில் துளைகூட வேண்டாம். வாய்வழியே எண்டோஸ்கோப் சென்று, சவ்வுக்கடியில் சுரங்கம் தோண்டி, கட்டியை எடுத்துவிட்டு, சுரங்க வாயைக் கிளிப்பால் மூடிவிடுகிறார்கள். தொந்தரவில்லாத சின்னக் கட்டியை அவ்வப்போது பார்த்துக்கொண்டிருந்தாலே போதும். சும்மா இருப்பதும் சிகிச்சைதான் என்பதை நம்மவர்கள் ஒப்புக்கொள்வதில்லை.

விழுங்கும்போது சோறு நெஞ்சில் சிக்கினால், வாயுக்கோளாறு என்று சோடா குடித்து நாளைக் கடத்தாதீர்கள், எண்டோஸ்கோபி செய்துகொள்ளுங்கள். சவ்வு வழவழப்பாக இருக்க, அடியில் கட்டி புடைத்துத் தெரிவதாக அறிக்கை வந்தால், சதையைக் கிள்ளுமுன் எண்டோஸ்கோப்வழி அல்ட்ராசவுண்ட் தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.