ஒரே கணினியில் பல மெய்நிகர் தலையணிகள்

ஒரு விளையாட்டுக் கணினியுடன் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மெய்நிகர் தலையணிகளை (விஆர் ஹெட்செட்) இணைத்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் காட்சி தரும் ஏற்பாட்டைப் பற்றியது இக்கட்டுரை. விளையாட்டுக் கூடங்கள், பயிற்சி நிறுவனங்கள், பள்ளிக் கண்காட்சிகள் ஆகியவற்றில் இத்தேவை எழுகிறது. செலவு குறையும் என்ற எண்ணமே பெரும்பாலும் இதற்குக் காரணம். ஆனால், அவ்வெண்ணம் எல்லா இடத்திலும் சரியாவதில்லை.

சாதாரணக் கணினிப் பகிர்வும் மெய்நிகர் காட்சியும்

ஒரே கணினியைப் பலர் பகிர்வது புதிய செய்தியன்று. லினக்சு இயங்குதளத்தில் ஒரு கணினிக்குப் பல திரைகள், விசைப்பலகைகள், சுட்டிகள் பொருத்திப் பல இருக்கைகளாகப் பிரிக்கலாம். மைக்ரோசாப்டு நிறுவனமும் 2010இல் இதே நோக்கில் மல்டிபாயிண்ட் சர்வர் என்ற மென்பொருளை வெளியிட்டது. தட்டச்சு செய்பவரின் திரை அரை நொடி தாமதித்தாலும் பெரிய இடர் இல்லை. அதனால் இம்முறை நன்கு செயல்பட்டது.

தலையணியில் நிலைமை வேறு. தலையைத் திருப்பியதற்கும் காட்சி மாறுவதற்கும் இடையே ஏறத்தாழ 20 மில்லிநொடிக்கு மேல் தாமதம் ஏற்பட்டால் பலருக்குத் தலைசுற்றலும் குமட்டலும் வரும். நொடிக்கு 90 படங்கள் காட்டும் தலையணிக்கு ஒரு படத்தை வரைய 11.1 மில்லிநொடியே கிடைக்கிறது.

வரையும் வேலையின் அளவையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். 1920×1080 அளவுள்ள திரையில் நொடிக்கு 60 படங்கள் காட்ட, ஏறத்தாழ 12.4 கோடிப் படப்புள்ளிகள் வரைய வேண்டும். 2016இல் வந்த எச்டிசி வைவ் தலையணியின் திரை 2160×1200 அளவுடையது. கண்ணாடி வில்லை ஏற்படுத்தும் உருத்திரிபை ஈடுசெய்யக் கணினி அதைவிடப் பெரிய படத்தை, கண்ணுக்கு 1512×1680 அளவில் வரைகிறது. இரு கண்களுக்கும் சேர்த்து நொடிக்கு ஏறத்தாழ 45.7 கோடிப் புள்ளிகள். அதாவது ஒரு தலையணி, சாதாரணத் திரைகள் நான்கிற்கு நெருங்கிய சுமையைத் தருகிறது.

மென்பொருள் தடை

கிராபிக்ஸ் கார்டு வலிமையாக இருந்தாலும், இரண்டு தலையணிகளைச் செருகியவுடன் இரண்டும் இயங்கிவிடா. ஸ்டீம்விஆர் போன்ற இயக்க மென்பொருள்கள் ஒரு கணினிக்கு ஒரு தலையணி என்ற அடிப்படையில் அமைந்தவை. விளையாட்டுகளும் ஒரே ஆட்டக்காரரை எதிர்பார்த்தே எழுதப்படுகின்றன.

மெய்நிகர் கணினி முறை

இத்தடையைக் கடக்கப் பயன்படும் வழி, ஒரே பெட்டிக்குள் பல மெய்நிகர் கணினிகளை உருவாக்குவது. கேவிஎம், பிராக்சுமாக்சு, அன்ரெய்டு ஆகியவை இதற்கு உதவும் மென்பொருள்கள். ஒவ்வொரு மெய்நிகர் கணினிக்கும் கீழ்க்கண்டவை தனியாக ஒதுக்கப்பட வேண்டும்.

• ஒரு கிராபிக்ஸ் கார்டு. என்விடியா நிறுவனம் தன் ஜிஃபோர்ஸ் அட்டைகளை விண்டோசு மெய்நிகர் கணினிக்கு ஒதுக்க 2021இல்தான் முறைப்படி இசைவளித்தது.
• ஒரு யூஎஸ்பி கட்டுப்படுத்தி. வெறும் துளை போதாது. அதன் பின்னுள்ள கட்டுப்படுத்தியே தனியாக இருத்தல் வேண்டும். இதற்கெனக் கூடுதல் அட்டை பொருத்துவர்.
• செயலியின் சில உள்ளகங்களும் போதிய நினைவகமும்.
• தனி இயங்குதள உரிமம்.

பல கிராபிக்ஸ் கார்டுகளைத் தாங்கும் தாய்ப்பலகையும் செயலியும் விலை மிகுந்தவை. சில இணைய விளையாட்டுகளின் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள்கள் மெய்நிகர் கணினியில் இயங்க மறுக்கும்.

இடமறியும் கருவியில் மட்டும் ஒரு வசதி உண்டு. வைவ், வால்வ் இண்டெக்ஸ் தலையணிகளுக்கான அடிநிலையங்கள் அறை முழுதும் லேசர் ஒளியை வீசுகின்றன. தலையணி அதை உணர்வதைக் கொண்டு அதன் இடம் கணக்கிடப்படுகிறது. ஆகவே ஒரே சோடி அடிநிலையங்களைப் பல தலையணிகள் பகிரலாம்.

மின்சாரம்

ஒரு கிராபிக்ஸ் கார்டுக்கு 200 வாட் எனக் கொண்டால், இரண்டுக்கு 400 வாட். செயலிக்கு 150, பிறவற்றுக்கு 100 எனச் சேர்த்தால் 650 வாட் ஆகும். வீடுகளில் பரவலாக உள்ள 600 விஏ யூபிஎஸ் ஏறத்தாழ 360 வாட் வரையே தாங்கும். மின்தடை வந்தால் எல்லாத் தலையணிகளும் ஒரே நேரத்தில் இருண்டுவிடும். ஒரு பாகம் பழுதானாலும் எல்லோருடைய பயன்பாடும் பாதிக்கப்படக்கூடும் என்பதே இம்முறையின் பெரிய குறை.

ஒரு பள்ளிக்கு எது பொருந்தும்?

ஈரோட்டிலிருந்து ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவிலுள்ள கொடுமுடி போன்ற பேரூரில் ஒரு பள்ளி இம்முயற்சியில் இறங்குவதாகக் கொள்வோம். தெற்கு நோக்கி ஓடிவரும் காவிரி அங்கே கிழக்கே திரும்புவதை வானிலிருந்து பார்ப்பதுபோல் மாணவர்களுக்குக் காட்ட வேண்டும். கணினி பழுதானால் சரிசெய்ய ஈரோட்டுக்கோ கோவைக்கோ எடுத்துச்செல்ல நேரிடலாம். இந்நிலையில் மூன்று வழிகள் உள்ளன.

1. ஒரு தலையணியும் ஒளிப்படக்காட்டியும்: ஒரு மாணவர் அணிய, அவர் காண்பதை வகுப்பு முழுதும் சுவரில் காணும். செலவு மிகக் குறைவு, தொடங்குவதற்கு ஏற்றது.

2. தனித்தியங்கும் தலையணிகள்: மெட்டா குவெஸ்ட் போன்றவற்றுக்குள் செயலியும் மின்கலமும் உள்ளன. கணினியைப் பாடக் கோப்புகளை வழங்கும் சர்வராக மட்டும் வைத்துக்கொள்ளலாம். ஒன்று பழுதானால் மற்றவை இயங்கும். மின்தடையிலும் கையிருப்பு மின்கலத்தில் ஓடும்.

3. மெய்நிகர் கணினி முறை: உயர்தரக் காட்சி கட்டாயம் தேவைப்படும் பொறியியல் கல்லூரி, பயிற்சிக்கூடம் போன்றவற்றுக்கும், பராமரிக்கத் தெரிந்தவர் உடனிருக்கும் இடத்துக்கும் உரியது.

பெரும்பாலான பள்ளிகளுக்கு முதல் இரண்டு வழிகளே போதும். ஒரே கணினியில் மிச்சமாகும் பெட்டி, மின்வழங்கி ஆகியவற்றின் விலையைவிடக் கூடுதல் அட்டைகளுக்கும் உயர்விலைத் தாய்ப்பலகைக்கும் ஆகும் செலவு மிகுந்துவிடுவதுண்டு.

கவனிக்க வேண்டியவை

மெட்டா நிறுவனம் தன் குவெஸ்ட் தலையணிகளுக்கான குறைந்தபட்ச வயதை 2023இல் 13இலிருந்து 10ஆகக் குறைத்தது. 10 முதல் 12 வயதினருக்குப் பெற்றோர் நிர்வகிக்கும் கணக்கு தேவை. தொடக்க வகுப்புக் குழந்தைகளுக்கு இவற்றை அணிவிக்கலாகாது. ஒருவர் கழற்றியதும் முகம் படும் பகுதியைத் துடைத்த பின்பே அடுத்தவருக்குத் தர வேண்டும். முதன்முறை அணிபவருக்குச் சில நிமிடங்களே போதும். தலைசுற்றுகிறது என்று சொன்னால் உடனே கழற்றி உட்கார வைக்க வேண்டும்.