ஒரு படத்துக்கு ஆண்டு வாடகை ₹1.37

வருஷத்துக்குச் சுமார் 600 படங்களை ஸ்டாக் ஏஜென்சிகளுக்கு ஏற்றுகிறேன். படத்துக்கு 40 கீவேர்டு வீதம் 24,000 சொற்கள். சொல்லுக்குச் சராசரி 8 எழுத்து என்று வைத்தால் மொத்தம் 1,92,000 பைட். 0.2 எம்பிகூட வராது. ஆனால் அதைத் தட்டச்சு செய்ய எனக்குப் படத்துக்கு 5 நிமிஷம் பிடிக்கிறது. 600 படத்துக்கு 3,000 நிமிஷம், அதாவது 50 மணி நேரம். ஒரே ஒரு 16 பிட் டிஃப் ஃபைல் அடைத்துக்கொள்கிற இடத்தில் இப்படிப்பட்ட 750 வருஷக் கீவேர்டுகளை வைத்துவிடலாம்.

பேக்கப் கணக்கில் நான் ரொம்ப நாள் செய்த தப்பு இதுதான். பெரிய ஃபைல்தான் பெரிய சொத்து என்று நினைத்து, பெரியதற்கே பணம் கட்டிக்கொண்டிருந்தேன்.

முதலில் ஒரு படத்தின் எடை. 24 மெகாபிக்சல் கேமரா என்றால் அகலத்தில் 6,000 புள்ளி, உயரத்தில் 4,000. பெருக்கினால் 2 கோடியே 40 லட்சம். புள்ளிக்கு 14 பிட் வீதம் சுருக்காமல் எழுதினால் ரா ஃபைல் 42 எம்பி. தரம் குறையாத சுருக்கத்தில் என் கேமராவில் சராசரி 28 எம்பி வருகிறது. அதைத் திறந்து 16 பிட் டிஃப்பாகச் சேமித்தால் புள்ளிக்கு மூன்று நிறம், நிறத்துக்கு 2 பைட், ஆக 144 எம்பி. ஃபோட்டோஷாப்பில் லேயர் சேரச் சேர அது இன்னும் வீங்கும். கடைசியில் ஏஜென்சிக்குப் போகிற ஜேபெக் 12 எம்பிதான். ஷட்டர்ஸ்டாக்கும் அடோபி ஸ்டாக்கும் கேட்கிற குறைந்தபட்ச அளவு 4 மெகாபிக்சல். அலாமிக்கு, திறந்தால் 17 எம்பி விரிகிற படம் போதும். அது சுமார் 6 மெகாபிக்சல்.

இனி ஒரு வருஷம். 12,000 தடவை ஷட்டரை அழுத்தினால் ரா மட்டும் 336 ஜிபி. 600 டிஃப்புக்கு 86.4 ஜிபி. 600 ஜேபெக்குக்கு 7.2 ஜிபி. கூட்டினால் 430 ஜிபியை ஒட்டி வரும். ஐந்து வருஷத்தில் 2.1 டிபி. கடையில் வாங்குகிற 2 டிபி டிஸ்க்கில் அது கொள்ளாது. 2 டிபி என்று அட்டையில் போட்டதை விண்டோஸ் 1.81 என்று காட்டும்போது கடைக்காரரிடம் சண்டைக்குப் போகவேண்டாம். அவர் ஆயிரத்தால் பெருக்குகிறார், கம்ப்யூட்டர் 1,024ஆல் வகுக்கிறது. பைட் ஒன்றும் குறையவில்லை.

இந்த 430ஐ நான் 100 ஆக்கிய விதத்தைச் சொல்கிறேன். போகி அன்று வீட்டில் பழைய பாயை வெளியே போடும்போது நான் பழைய படங்களைப் போடுகிறேன். கண் மூடியது, கை ஆடியது, ஒரே கோபுரத்தின் பதினான்காவது ஃப்ரேம். நாலில் ஒன்று மிஞ்சும். 12,000 ரா 3,000 ஆகும். 336 ஜிபி 84 ஆகும். மனசு வராது, தெரியும். ‘எப்போதாவது விற்கும்’ என்று ஒரு குரல் கேட்கும். அந்தக் குரலுக்கு வருஷத்துக்கு 252 ஜிபி தீனி போடவேண்டும், மூன்று நகல் வைத்தால் 756.

அடுத்தது டிஃப். என் லைட்ரூம் அமைப்பில் திருத்தமெல்லாம் எக்ஸ்எம்பி ஃபைலில் எழுத்தாகவே இருக்கிறது, படத்துக்குச் சுமார் 10 கேபி. ராவும் அதுவும் இருந்தால் டிஃப்பை வேண்டும்போது மறுபடி எடுத்துக்கொள்ளலாம். அரை மணிக்குமேல் உட்கார்ந்து கையால் திருத்திய படத்துக்கு மட்டும் டிஃப் வைத்துக்கொள்கிறேன். வருஷத்துக்கு 60 தேறும், 8.6 ஜிபி. மீதி 540ஐ அழித்தபோது முதல் நாள் தூக்கம் வரவில்லை. இன்றுவரை அதில் ஒன்றுகூடத் தேவைப்படவில்லை.

மிஞ்சுகிற ஐந்தொகை இது:

தேர்ந்த ரா 3,000 — 84 ஜிபி
டிஃப் 60 — 8.6 ஜிபி
ஜேபெக் 600 — 7.2 ஜிபி
எக்ஸ்எம்பி 3,000 — 30 எம்பி
மாடல் ரிலீஸ் ஸ்கேன் 150 — 45 எம்பி

கடைசி வரிக்குப் போகும் முன் ஒரு மழையைச் சொல்லவேண்டும். 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. பெய்தது. அப்போது நாங்கள் இருந்தது முடிச்சூர்ப் பக்கம், தரைத்தளம். என்னிடம் இரண்டு ஹார்ட் டிஸ்க் இருந்தன. ஒன்று போனாலும் இன்னொன்று இருக்கிறது என்கிற தெம்பில், இரண்டையும் ஒரே பீரோவின் கீழ்த்தட்டில், ஒரே துணிப்பையில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்திருந்தேன். ஈரம் பட்டுவிடக் கூடாதே என்றுதான் அந்தப் பொட்டலம். தண்ணீர் முட்டிவரை வந்தது.

படங்கள் போனது ஒரு துக்கம். ஆனால் விற்கிற ஜேபெக்குகள் ஏஜென்சிகளில் இருந்தன, விற்றுக்கொண்டும் இருந்தன. அதே படங்களை வேறொரு ஏஜென்சிக்கும் கொடுக்கலாம் என்று இறங்கியபோதுதான் அடி விழுந்தது. முகம் தெரிகிற படத்தை விளம்பரத்துக்கு விற்க, படத்தில் இருப்பவர் கையெழுத்திட்ட மாடல் ரிலீஸ் வேண்டும். 61 பேரிடம் வாங்கிய தாள்கள், பிளாஸ்டிக் ஃபைலோடு, அதே கீழ்த்தட்டில் ஊறி ஒன்றோடொன்று ஒட்டிப் போயிருந்தன. ஸ்கேன்? அது டிஸ்க்கில்.

கோயம்பேடு பூ மார்க்கெட்டில் சம்பங்கி கட்டுகிற ஒரு அம்மாவைத் தேடிப் போனேன். 2013இல் கையெழுத்துப் போட்டவர். கடை இடம் மாறி, பின்பக்க வரிசைக்குப் போயிருந்தார். நாரை வாயில் கவ்விக்கொண்டே கேட்டார்: “அன்னைக்கே போட்டேனே கண்ணு, திரும்ப எதுக்கு?” சொன்னேன். “சரி, என் மூஞ்சிய வித்து எவ்ளோ வந்துச்சு?” உண்மையைச் சொன்னேன், சிரித்தார். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். பூவுக்குக் காசு வாங்கிக்கொள்ள மாட்டேன் என்றுதான் பிடிவாதம் பிடித்தார். 61 பேரில் இப்படிக் கிடைத்தவர்கள் 14. மீதி 47 பேரின் படங்களைச் செய்தி, கட்டுரை பயன்பாட்டுக்கு மட்டுமே தரமுடியும். விளம்பரச் சந்தை அவற்றுக்கு மூடிவிட்டது. இழந்த ஸ்கேன்களின் மொத்த எடை, ஒன்றுக்கு 300 கேபி வீதம், 18 எம்பி. ஒரு ரா ஃபைலைவிடச் சின்னது.

இப்போது ரிலீஸில் கையெழுத்து காய்வதற்குள் போனில் படம் எடுத்துவிடுகிறேன். வீட்டுக்கு வருமுன் அது மெயிலில் இருக்கும்.

டிஸ்க் எவ்வளவு நம்பகமானது என்பதற்கு ஒரு நல்ல புள்ளிவிவரம் இருக்கிறது. பேக்பிளேஸ் என்ற அமெரிக்க நிறுவனம் தன் டேட்டா சென்டரில் ஓடுகிற லட்சக்கணக்கான ஹார்ட் டிஸ்க்குகளின் பழுதுக் கணக்கை வெளியிட்டு வருகிறது. 2021இல் ஆண்டுப் பழுது விகிதம் 1.01%, 2022இல் 1.37%, 2023இல் 1.70%. கடைசி எண்ணை எடுத்துக்கொண்டால் 59 டிஸ்க்கில் வருஷத்துக்கு ஒன்று. அதே விகிதம் நீடித்தால் ஐந்து வருஷத்தில் ஒரு டிஸ்க் செத்துப்போகிற வாய்ப்பு 8.2%, பன்னிரண்டில் ஒன்று. அதுவும் ஏசி அறையில், அசையாமல் இருக்கிற டிஸ்க்குகளுக்கு. நம்முடையது பஸ்ஸில் மடியில் வருகிறது.

இரண்டு டிஸ்க்கும் ஒரே வருஷத்தில் போக வாய்ப்பு 1.7%ஐ 1.7%ஆல் பெருக்கியது: 3,460இல் ஒன்று. கேட்கச் சுகமாக இருக்கிறது. இரண்டும் தனித்தனியாகச் சாகும் என்பதுதான் அந்தப் பெருக்கலின் நிபந்தனை. ஒரே பீரோ, ஒரே பிளக், ஒரே திருடன் என்றால் பெருக்கல் கிடையாது. பீட்டர் க்ரோ என்ற அமெரிக்க ஒளிப்படக்காரர் பரப்பிய 3-2-1 விதியில் (மூன்று நகல், இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு இடத்தில்) என்னைப் பொறுத்தவரை கடைசி 1தான் மற்ற இரண்டையும்விடக் கனமானது. என் ‘வேறு இடம்’ அக்கா வீட்டு இரண்டாம் மாடி. முடிச்சூரிலிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம்.

பணத்துக்கு வருவோம். 2 டிபி வெளி டிஸ்க் இரண்டு, என் பில்படி ஒன்று ₹7,000. ஐந்து வருஷத்தில் மாற்றுவேன் என்று வைத்தால் வருஷத்துக்கு ₹2,800. எல்லாவற்றையும் மேகத்திலும் வைக்கலாம் என்று முதலில் கூகுள் ஒன் 2 டிபி திட்டம் எடுத்தேன், வருஷத்துக்கு ₹6,500. மொத்தம் ₹9,300. அப்புறம்தான் புத்தி வந்தது. ஜேபெக், எக்ஸ்எம்பி, ரிலீஸ், கேட்டலாக் எல்லாம் சேர்த்து ஐந்து வருஷத்துக்கு 40 ஜிபி தாண்டாது. அதற்கு 100 ஜிபி திட்டமே தாராளம். நான் கட்டியது வருஷத்துக்கு ₹1,300. ராவுக்கு மூன்று நகல்: கம்ப்யூட்டரில் ஒன்று, மேஜையில் ஒன்று, அக்கா வீட்டில் ஒன்று. புதிய கணக்கு ₹4,100. ஐந்து வருஷத்தில் சேர்ந்த 3,000 படத்துக்கு வகுத்தால் படத்துக்கு ஆண்டு வாடகை ₹1.37. முதல் வருஷம் 600 படம்தான் இருக்கும் என்பதால் ₹6.83 விழும், பயப்படவேண்டாம்.

இதை வரவோடு வைத்துப் பார்க்கவேண்டும். ஷட்டர்ஸ்டாக்கில் ஒரு விற்பனைக்கு நமக்கு வருகிற குறைந்தபட்சத் தொகை 10 சென்ட். டாலருக்கு ₹85 என்றால் ₹8.50. 2020 ஜூனில் கொண்டுவந்த முறைப்படி பங்கு 15%இலிருந்து 40% வரை படிப்படியாக ஏறும், ஜனவரி 1 வந்தால் மறுபடி முதல் படி. பரமபதம் ஆடியவர்களுக்குப் பழகிய சமாசாரம். ₹4,100ஐ எடுக்க அந்த அடிமட்ட விலையில் 483 விற்பனை வேண்டும். பழைய ₹9,300க்கு 1,095 விற்பனை. வித்தியாசம் 612 விற்பனை, வெறும் சேமிப்பு முறையை மாற்றியதால்.

அமேசானின் கிளேசியர் டீப் ஆர்கைவ் பற்றிப் பலர் கேட்கிறார்கள். அமெரிக்கக் கிளையில் 1 டிபிக்கு மாதம் சுமார் 1 டாலர், வருஷத்துக்கு ஆயிரம் ரூபாயை ஒட்டி. மலிவுதான். ஆனால் வாசலில் வேறு கட்டணம்: மாதம் 100 ஜிபிக்கு மேல் வெளியே இறக்க ஜிபிக்கு 9 சென்ட். 1 டிபியை முழுதாகத் திருப்பி எடுத்தால் இறக்கும் கட்டணம் மட்டும் 81 டாலர், ₹6,885. மலிவான வகையில் கேட்டால் ஃபைல் தயாராக 48 மணி நேரம்வரை ஆகும். 180 நாளுக்கு முன் அழித்தாலும் அந்த 180 நாளுக்கும் பணம். வீடு எரிந்தால் மட்டுமே தொடுகிற நகலுக்கு இது சரி. தினப்படிக்கு ஆகாது.

இணைய வேகத்தையும் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். அப்லோடு 20 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு 2.5 எம்பி. 36 ஜிபி ஜேபெக் ஏற 4 மணி நேரம். 2 டிபி ஏற 9 நாள் 6 மணி. அதையே யூஎஸ்பி 3 டிஸ்க்கில், நொடிக்கு 100 எம்பி வீதம் நகலெடுத்தால் ஐந்தரை மணி. பழைய யூஎஸ்பி 2 கேபிளைச் செருகிவிட்டு, ‘டிஸ்க் மெதுவாக இருக்கிறது’ என்று திட்டினால் பதினெட்டரை மணி. கேபிளின் நுனிக்குள் நீல நிறம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

“ஏஜென்சியில்தான் படம் இருக்கிறதே, அதுவே பேக்கப் இல்லையா?” என்பவர்களுக்கு டிஜிட்டல் ரெயில்ரோட் கதை. நியூயார்க்கில் இருந்த ஆன்லைன் படக் கிடங்கு அது; தொழில்முறை ஒளிப்படக்காரர்கள் காசு கட்டிப் படங்களை வைத்து, அங்கிருந்தே விற்றார்கள். 2008 அக்டோபர் 28 அன்று மூடுகிறோம் என்று அறிவித்தது. படங்களை எடுத்துக்கொள்ளக் கொடுத்த அவகாசம் 24 மணி நேரம். அந்த வருஷம் இந்தியாவில் பிராட்பேண்ட் என்று அழைக்க 256 கேபிபிஎஸ் போதும். அந்த வேகத்தில், ஒரு நொடிகூட அறுபடாமல், 24 மணி நேரத்தில் இறங்குவது 2.76 ஜிபி. 12 எம்பி ஜேபெக் 230.

எண்களில் வராத இரண்டு இழப்பு, இரண்டும் என் கைவினை. என் கேமரா படங்களுக்குப் போடுகிற எண் நாலு இலக்கம். 9,999 முடிந்தால் மறுபடி 0001. வருஷத்துக்கு 12,000 அடிப்பவனுக்குப் பத்து மாதத்தில் ஒரு சுற்று. ஒரே ஃபோல்டரில் கொட்டும்போது ‘மாற்றவா?’ என்று கம்ப்யூட்டர் கேட்டது. யோசிக்காமல் ஆமாம் என்றேன். அன்றிலிருந்து கார்டிலிருந்து இறக்கும்போதே பெயர் மாறிவிடும்: ஆண்டு மாதம் தேதி சேர்த்து எட்டு இலக்கம், ஊர், வரிசை எண். இன்னொன்று, தானாக ஒத்திசைகிற ஃபோல்டரை பேக்கப் என்று நம்பியது. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். கூகுள் டிரைவின் குப்பைத்தொட்டியில் 30 நாள் கிடக்கும். நான் தேடியது 41ஆம் நாள்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் அக்கா வீட்டு டிஸ்க்கைக் கொண்டுவந்து, மேஜை டிஸ்க்கின் பக்கத்தில் வைத்து, பொட்டு வைப்பதற்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு 20 ஃபைல்களைத் திறந்து பார்ப்பது என் வழக்கம். போன தடவை மேஜை டிஸ்க்கில் 19 திறந்தன. இருபதாவது, ராமேஸ்வரத்து வலைக்காரர் ஒருவர், பாதிப் படத்துக்குக் கீழே ஊதா நிறக் கோடாகிவிட்டார். அக்கா வீட்டு டிஸ்க்கில் அதே ஃபைல் முழுசாக இருந்தது. 28 எம்பி, இழுத்துப் போட ஒரு நொடிகூட ஆகவில்லை. மேஜை டிஸ்க்குக்கு அந்த வருஷம் பொட்டு வைக்கவில்லை, புதுசு வாங்கிவிட்டேன். ₹7,000 மறுபடி பற்று.