வடியாத வீக்கம்

கண்ணுக்குக் கீழே தொங்கும் பையை அகற்றிக்கொள்ளவும், ஒட்டிய கன்னத்தை நிரப்பிக்கொள்ளவும் மருத்துவரை நாடியவர்கள் ஒரு காலத்தில் பெரும்பாலும் திரைத் துறையினர்தாம். இன்று நடுத்தரக் குடும்பத்தினரும் இச்சிகிச்சைகளை நாடுகின்றனர். ராஜபாளையத்திலிருந்தோ ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்தோ காலையில் மதுரைக்குப் புறப்பட்டுச் சென்று, சிகிச்சையை முடித்துக்கொண்டு இரவுக்குள் வீடு திரும்பிவிடலாம். சிக்கல் பெரும்பாலும் அதற்குப் பிறகே தொடங்குகிறது. கத்தியைப் பிடித்தவர் மதுரையில் இருக்கிறார். வீக்கமோ வீட்டுக் கண்ணாடியில் தெரிகிறது. வாரங்கள் கடந்தும் அது வடியாதபோது யாரிடம் கேட்பது, எதுவரை பொறுப்பது என்று தெரியாமல் பலரும் தவிக்கின்றனர்.

சென்னையில் 2021 ஏப்ரலில் நடந்த நிகழ்வு நினைவிருக்கலாம். முகத்தில் செய்துகொண்ட சிகிச்சைக்குப் பிறகு கண்ணின் கீழ் வீங்கிக் கன்றியிருந்த தனது படத்தை நடிகை ரைசா வில்சன் சமூக ஊடகத்தில் வெளியிட்டார். தனக்குத் தேவையற்ற சிகிச்சை செய்யப்பட்டது என்பது அவரது குற்றச்சாட்டு. இத்தகைய வீக்கம் எதிர்பார்க்கத்தக்கதே, சில நாள்களில் வடிந்துவிடும் என்பது மருத்துவர் தரப்பின் மறுப்பு. இருதரப்பும் கோடிக்கணக்கில் இழப்பீடு கேட்கும் அளவுக்கு அது வளர்ந்தது. யார் பக்கம் நியாயம் என்பதை விட்டுவிடுவோம். 'எதிர்பார்க்கத்தக்க வீக்கம் எது, எதிர்பாராதது எது' என்பது சிகிச்சைக்கு முன்பே இருவருக்கும் ஒன்றுபோலப் புரிந்திருக்க வேண்டும் என்பதே அந்நிகழ்வு உணர்த்தும் பாடம்.

கண்ணின் கீழ்ப்பகுதி ஏன் இப்படி எளிதில் வீங்குகிறது? உடலிலேயே மிக மெல்லிய தோல் இமையின் தோல்தான். அதன் தடிமன் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். அதன் கீழே கண்ணை மூட உதவும் வட்டத் தசை. அதற்கும் பின்னே மெல்லிய சவ்வொன்றால் தடுத்து நிறுத்தப்பட்ட கொழுப்புப் பொதிகள். கன்னத்து எலும்பின் மேற்பகுதியில் எலும்பையும் தோலையும் இணைக்கும் ஒரு மெல்லிய தடுப்பும் உண்டு. இதனை 1997-இல் வெளியான ஓர் உடற்கூறு ஆய்வு தெளிவாக விளக்கியது. வயலில் வரப்பு நீரைத் தேக்குவதுபோல, மேலிருந்து இறங்கும் நீரை இத்தடுப்பு கன்னத்தின் மேட்டில் தேக்கிவிடுகிறது.

தேங்கும் நீரை வெளியேற்ற வேண்டியவை நிணநீர் நாளங்கள். கீழிமையின் வெளிப்பகுதியிலிருந்து அவை காதின் முன்புறத்துக்கும், உட்பகுதியிலிருந்து தாடையின் கீழ்ப்புறத்துக்கும் செல்கின்றன. கண்ணின் வெளிக்கோடியில் கத்தி படும்போது இந்நாளங்கள் அறுபடுகின்றன. அவை மீண்டும் வழி கண்டுபிடிக்கும்வரை வீக்கம் தங்கத்தான் செய்யும். எனவே, முதல் இரண்டு மூன்று வாரங்களில் பெரும்பகுதி வடிவதும், எஞ்சியது மூன்று முதல் ஆறு மாதங்களில் மெல்ல மெல்லக் குறைவதும் இயல்பே. சிலருக்கு ஓராண்டும் ஆகலாம். முகூர்த்தத்துக்குப் பத்து நாள்களுக்கு முன் சிகிச்சை செய்துகொண்டு மணமேடை ஏற நினைப்போர் இந்தக் கணக்கை அறிந்திருப்பது நல்லது.

ஆறு மாதங்கள் கடந்தும் வீக்கம் நீடித்தால், அது என்ன வீக்கம் என்பதை முதலில் அறிய வேண்டும். பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றினாலும் காரணங்கள் வேறு வேறு. காலையில் மிகுந்து மாலையில் குறைந்தால், உப்பு மிகுந்த உணவுக்கு மறுநாள் பெருத்தால், அது பெரும்பாலும் நீர். எந்த நேரத்திலும் ஒரே அளவில் இருந்து, மேல்நோக்கிப் பார்க்கும்போது துருத்தினால், அது எஞ்சிவிட்ட கொழுப்பாக இருக்கலாம். கன்னத்தின் மேட்டில் தோலும் தசையும் தளர்ந்து தோரணம்போல் மடிந்து தொங்கினால் அது மூன்றாவது வகை. கொழுப்பை மட்டும் அகற்றும் அறுவைச் சிகிச்சையால் இது தீராது. சிகிச்சைக்கு முன்பே இலேசாக இருந்த இக்குறை, மேலே இருந்த பை அகன்றதும் பளிச்சென்று புலப்படுவதும் உண்டு.

நான்காவது வகை ஊசியால் வருவது. பள்ளத்தை நிரப்பச் செலுத்தப்படும் 'ஃபில்லர்' மருந்துகளில் பெரும்பாலானவை ஹைலுரானிக் அமிலத்தால் ஆனவை. நீரை ஈர்த்து வைத்துக்கொள்வது அதன் இயல்பு. ஓராண்டில் கரைந்துவிடும் என்று சொல்லப்பட்டாலும், பல ஆண்டுகளுக்குப் பின்னும் அது கண்ணின் கீழ் தங்கியிருப்பதை எம்ஆர்ஐ படங்கள் காட்டியுள்ளன. ஆகவே, என்றோ போட்ட ஊசியால் இன்று வீக்கம் வரக்கூடும். ஊசி போட்ட வரலாற்றை மருத்துவரிடம் மறைப்பவர் தமக்கே தீங்கு செய்துகொள்கிறார்.

இவை நான்கும் அல்லாமல் தைராய்டு குறைபாடு, சிறுநீரகக் கோளாறு, ஒவ்வாமை ஆகியவையும் முகத்தை வீங்கவைக்கும். இவற்றைக் கண்டறியத் தொடக்க நிலையில் வேண்டியவை எளிய ரத்த, சிறுநீர்ப் பரிசோதனைகளே. அவற்றை ராஜபாளையத்திலேயே, ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே செய்துகொள்ளலாம். இரண்டாவது அறுவைச் சிகிச்சையைப் பற்றி யோசிக்கும் முன் இப்பரிசோதனைகளை முடித்துவிடுவது அறிவுடைமை.

காரணம் தெரிந்தால் வழியும் தெரியும். தொடக்க நாள்களில் தலையை உயர்த்திப் படுப்பதும், முதல் இரண்டு நாள்கள் மருத்துவர் சொன்னபடி குளிர் ஒத்தடம் தருவதும், ஊறுகாய், அப்பளம், கருவாடு போன்றவற்றைத் தவிர்ப்பதும் உதவும். நீர்த்தேக்கம் நீடித்தால், பயிற்சி பெற்றவர் செய்யும் மென்மையான நிணநீர்த் தடவல் பயன்தரலாம். அழுத்தித் தேய்ப்பது தீமையே செய்யும். ஃபில்லர்தான் காரணம் என்றால் ஹைலுரானிடேஸ் என்ற நொதியைச் செலுத்தி அதைக் கரைக்கலாம். அதற்கும் ஒவ்வாமை ஏற்படக்கூடும் என்பதால், அதனைச் சமாளிக்கும் வசதியுள்ள இடத்திலேயே செய்துகொள்ள வேண்டும்.

தளர்ந்து தொங்கும் மடிப்புகளுக்கு லேசர், ரேடியோ அலை, டாக்ஸிசைக்ளின் ஊசி, நேரடியாக வெட்டி அகற்றுதல் எனப் பல முறைகள் கையாளப்படுகின்றன. பல முறைகள் இருப்பதே, எல்லோருக்கும் பொருந்தும் உறுதியான முறை இன்னும் அமையவில்லை என்பதற்குச் சான்று. நம்மவரின் மாநிறத் தோலில் லேசர் சிகிச்சைக்குப் பின் கருமை படியும் வாய்ப்பு வெள்ளைத் தோலினரைவிட அதிகம் என்பதையும் மறக்கலாகாது.

செய்யக்கூடாதவை சில உண்டு. மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு மாத்திரை முதல் சில நாள்கள் வீக்கத்தைக் குறைப்பதுபோலக் காட்டும். நீண்ட நாள் உட்கொண்டால் அதுவே முகத்தை நிலவுபோல் உப்பவைத்து, சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் உயர்த்திவிடும். சிறுநீரைப் பெருக்கும் மாத்திரை உடலின் நீரையும் உப்புகளையும் குறைக்குமேயன்றி, அறுபட்ட நிணநீர்ப் பாதையைச் சீராக்காது. பொறுமையிழந்து வேறொருவரிடம் சென்று அவசரமாக மறு அறுவை செய்துகொள்வது, எஞ்சியிருக்கும் நாளங்களையும் அறுப்பதில் முடியலாம்.

பொறுக்கவே கூடாத நேரமும் உண்டு. அறுவைச் சிகிச்சை முடிந்த ஓரிரு நாள்களில் ஒரு கண்ணில் கடும் வலி, கண் பிதுங்குதல், பார்வை மங்குதல் ஆகியவை தோன்றினால் உள்ளே ரத்தம் கசிகிறது என்று பொருள் கொள்ளலாம். ஊசி போட்டவுடன் தோல் வெளிறுவதும் பார்வை குறைவதும் ரத்தக்குழாய் அடைபட்டதன் அறிகுறிகள். இவை மணிக்கணக்கில் காத்திருந்தால்கூடப் பார்வையைப் பறித்துவிடும். நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குப் புறப்பட்டுவிட வேண்டும். காய்ச்சலுடன் சிவந்து சூடாக வீங்கினாலும் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

யாரிடம் செல்வது? பொது அறுவைச் சிகிச்சைப் பட்டத்துக்கு மேல் ஒட்டறுவைச் சிகிச்சையில் எம்.சிஎச். போன்ற உயர்பட்டம் பெற்றவர் முதல் தேர்வு. கண் மருத்துவத்தில் இமை அறுவைக்கெனத் தனிப் பயிற்சி பெற்றவர்களும் உள்ளனர். மதுரையில் 1976-இல் 11 படுக்கைகளுடன் தொடங்கப்பட்ட அரவிந்த் கண் மருத்துவமனையில் இதற்கெனத் தனிப் பிரிவு இயங்குகிறது. அழகு நிலையத்தில் ஊசி போடுபவரிடம் இந்தத் தகுதி இருக்கிறதா என்று கேட்பதில் கூச்சம் கூடாது.

உரிமைகளையும் அறிந்திருக்க வேண்டும். கட்டணம் பெற்றுச் செய்யும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்தின் கீழ் வரும் என்று உச்சநீதிமன்றம் 1995-இல் தீர்ப்பளித்தது. விளைவுகளையும் மாற்று வழிகளையும் விளக்கிய பிறகு பெறும் ஒப்புதலே செல்லும் என்று 2008-இல் அதே நீதிமன்றம் கூறியது. சிகிச்சை ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்கின்றன 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறைகள். விருதுநகர் மாவட்ட நுகர்வோர் ஆணையம் ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் இயங்குகிறது. புகார் அளிக்க இரண்டாண்டு அவகாசம் உண்டு. எனினும், வடியாத வீக்கமெல்லாம் மருத்துவரின் தவறு ஆகிவிடாது. முன்கூட்டியே சொல்லாமல் விட்டதும், பின்னர் கவனிக்காமல் கைவிட்டதும்தான் கேள்விக்குரியவை.

ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் நெய்யப்படும் கட்டுத்துணி வெளியூர்களின் அறுவை அரங்குகளுக்கும் செல்கிறது. கட்டுப் பிரித்த பிறகு தொடர வேண்டிய கவனிப்போ இவ்வட்டாரத்து மக்களுக்கே எட்டாக்கையாக உள்ளது. மதுரையில் சிகிச்சை அளிப்போர் மூன்றாம் மாதம், ஆறாம் மாதம், ஓராண்டு எனப் பின்தொடர் நாள்களை எழுதித் தர வேண்டும். உள்ளூர் மருத்துவர் படித்தறியும்படி சிகிச்சைக் குறிப்பையும் இணைத்துத் தர வேண்டும். போட்ட ஊசியின் பெயரும் அளவும் அதில் இருக்க வேண்டும். அந்த ஒரு தாளைக் கேட்டுப் பெறாமல் எவரும் ஊர் திரும்பும் பேருந்தில் ஏறலாகாது.